தண்ணீர் மணி

எங்கள் வகுப்பில் மணி அடித்தால் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்தான். அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். தரம் ஒன்பதுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். என் பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் வகுப்புத் தலைவி மேசையிலிருக்கும் சின்னப் பித்தளை மணியை ஆட்டுவாள். பிள்ளைகள் எல்லோரும் போத்தலைத் தூக்குவார்கள். நானும் தூக்குவேன்.

பாடசாலையைப் பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர் என்று பெயர்.

“நல்ல வேலை செய்யிறியள் டீச்சர். பிள்ளையளுக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். பதுளையில சுகாதார ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறம். நீங்கள் வந்து இதைப் பற்றிக் கதைக்கோணும்” என்றார்.

சுகாதாரப் பாடத்தை எங்கள் பாடசாலையில் யார் மதிக்கிறார்கள்? கணக்குப் பாடம் முடியாமல் இழுத்தால் என் பாடவேளையைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள். விளையாட்டுப் போட்டி வந்தால்தான் என் ஞாபகம் வரும். அப்படியிருக்க, ஒருவர் தேடி வந்து நல்ல வார்த்தை சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை பஸ்ஸில் பெரகலவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பதுளையில் என்ன பேசலாம், என்ன சேலை கட்டலாம் என்றுதான் யோசித்தேன்.

தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. என் போத்தலில் தண்ணீர் குறைவதே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். உதட்டில் படும், தொண்டையை ஒருமுறை அசைப்பேன், மூடியைத் திருகுவேன். வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர் வீட்டுக்கே திரும்பி வந்து ரோஜாச் செடிக்குப் போகும்.

காரணம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆசிரியர்களின் மலசலகூடத்துச் சாவி அதிபரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அதிபரையும், அங்கே பேசிக்கொண்டிருக்கும் சார்மாரையும் தாண்டிப் போக வேண்டும். “என்ன டீச்சர், சாவியா?” என்று அவர் நல்ல மனதோடுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் காலையிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டிருப்பேன். அடிவயிறு வலிக்கும். வலித்துக்கொண்டே கரும்பலகையில் சிறுநீரகத்தின் படம் வரைவேன்.

இது எனக்குப் புதுப் பழக்கமும் அல்ல. என் அம்மா கொழுந்து பறித்தவள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்வாள். ஏனம்மா என்று கேட்டால், “குடிச்சிப்புட்டு மலையில எங்கடி போறது? பின்னாலயே கங்காணி நிப்பாரு” என்பாள். நான் படித்து டீச்சராகி, சேலை கட்டிக் கைப்பை மாட்டிய பிறகும் அம்மாவின் அரைக் கோப்பையைத் தாண்டவில்லை.

பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். பெண் பிள்ளைகளின் மலசலகூடம் மைதானத்தின் மறுகரையில் இருக்கிறது. குழாய் உடைந்து நெடுநாளாகிறது. மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் வாளியில் பிடித்து, பந்து விளையாடும் பையன்களுக்கு நடுவே மைதானத்தைக் கடந்து போக வேண்டும். வாளியைத் தூக்கினால் எங்கே போகிறாள் என்பது பாடசாலைக்கே தெரிந்துவிடும். அந்த வாளி பீலிக்குப் பக்கத்தில் காய்ந்துபோய்க் கிடப்பதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

முன் வரிசை வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை. காய்ச்சலாம், தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பதுளைக்கு அனுப்பிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பிள்ளைக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. தாய் வேலைக்குப் போகாமல் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“வாங்க டீச்சர். மூத்திரத்துல கிருமியாம். கிட்னி வரைக்கும் போயிருச்சாம். புள்ள தண்ணியே குடிக்கிறதில்லையான்னு டாக்டர் என்னையப் புடிச்சி ஏசுறாரு.”

தாய் தொடர்ந்தாள்.

“எங்க டீச்சர் மணியடிச்சி குடிக்க வைக்கிறாங்களேன்னு நான் சொன்னேங்க. இவ என்னடான்னா, டீச்சர் குடிக்கிற மாதிரித்தாம்மா நாங்களும் குடிக்கிறோம்ங்குறா. எனக்கு ஒன்னுமே வெளங்கல டீச்சர்.”

பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அதற்கு வெட்கம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தாய்க்கு விளங்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. தோடம்பழத்தை வைத்துவிட்டு, நல்லாக் கவனிச்சிக்குங்க என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளை தேறி வகுப்புக்கு வந்த வாரம் ஆலோசகரும் வந்தார். பதுளைக் கூட்டத்தில் காட்டுவதற்கு மணி அடிப்பதைப் போனில் படம் பிடிக்க வேண்டுமாம். இடைவேளைக்குச் சற்று முன்பு என் பாடம் முடியும்போது வகுப்புத் தலைவி மணியை ஆட்டினாள். எல்லாப் போத்தலும் உயர்ந்தன. அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். பையன்கள் மடமடவென்று குடித்தார்கள். பெண் பிள்ளைகள் உதட்டில் வைத்து, தொண்டையை ஒருமுறை அசைத்து, மூடியைத் திருகினார்கள். என் தலைச் சாய்ப்பு, என் விரல், எல்லாமே அப்படியே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையும் அப்படித்தான்.

“நல்லாச் செய்யினம்” என்றார் ஆலோசகர்.

“இல்ல சார். இவங்க குடிக்கல. நானும் குடிக்கிறதில்ல” என்றேன்.

அவர் போனைத் தாழ்த்தினார். “ஏன் டீச்சர்?”

சிறுநீர்த் தொகுதியைப் படம் போட்டு விளக்குகிறவளுக்கு அந்த ஏனுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஓர் ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்திலும் கூசியது. அதற்குள் இடைவேளை மணி அடித்தது. நான் என் போத்தலைத் திறந்து அடிவரை குடித்தேன். வெளியே போய், பீலியடியில் கிடந்த வாளியைக் கழுவி, தண்ணீர் பிடித்தேன்.

மைதானத்தில் பந்து நின்றது. யாரோ ஒரு பையன் சிரித்தான், இன்னொருவன் அவனை அடக்கினான். அதிபர் அறை வாசலுக்கு வந்து நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது. சேலை நனைந்து காலில் ஒட்டியது. எத்தனையோ விளையாட்டுப் போட்டிகளுக்கு நானே சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம், அன்றைக்கு முடிவதாக இல்லை. வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கடைசி அடி வரைக்கும் கூடவே வந்தது.

பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பக் கதவைத் திறந்தபோது வெளியே பெண் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். என் வகுப்பு மட்டுமல்ல, சின்ன வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். எனக்குத் துணையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது.

“டீச்சர், கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றது முன்னால் நின்ற பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுதான். கால்களை இறுக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் நின்றவர்களும் அப்படித்தான் நின்றார்கள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி பீலிக்குப் போனேன்.