கிளியூர் இறக்கமும் காப்பிச் சாக்கும்

மலையில் ஆட்களை நடத்திக் கூட்டிப் போகும் வேலையில் கால் வலிக்காது, வாய்தான் வலிக்கும். டூரிஸ்ட்டுகளோடு மல்லுக்கு நின்ற வழிகாட்டிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வழிகாட்டியாக இருந்தேன். தங்க வருகிறவர்களைக் கிளியூர் அருவிக்கு இறக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டுவர வேண்டும். நாங்கள் போன வழியில் படி கிடையாது, பாறையும் மண்ணும்தான். சில வருஷம் மாசி முடிந்தும் மூடுபனி விடாது. உச்சி வேளை வரை பாறை ஈரமாகவே கிடக்கும், மேலே பாசி வேறு. அதில் ஷூ நிற்காது. காப்பிச் சாக்கைப் பட்டையாகக் கிழித்து, ஷூவுக்கு அடியில் கொடுத்து மேலே முடிச்சுப் போட்டால் நிற்கும். படித்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குப் பிராணன் போய்விடும்.

வெள்ளை ஷூ

மெட்ராஸ்காரர் ஒருவர் பளபளவென்று வெள்ளை ஷூ போட்டு வந்தார். சாக்கோடு குனிந்தேன். "என் ஷூவுக்கு என்ன காயமா, கட்டுப் போடறீங்க?" என்றார். கூட வந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். முதல் வளைவிலேயே ஆள் உட்கார்ந்தபடி பத்தடி இறங்கினார். ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். ஒரு நன்றி வரும் என்று பார்த்தால் முறைப்புதான் வந்தது.

"நாலு பேர் வர்ற வழி, காலையில ஒரு தடவை துடைச்சு வைக்கக் கூடாதா?"

புது ஜோடி

மாப்பிள்ளைக்குச் சாக்கு கட்டினால் போட்டோ கெட்டுவிடுமாம். அந்தப் பெண் மட்டும் குதிகால் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டது. மாப்பிள்ளை நாலு காலில் வந்துகொண்டிருந்தார். அருவி முன்னால் நின்று அந்தப் பெண் கேமராவை என் கையில் கொடுத்தது.

"என்னை எடுங்க. பின்னாடி அவர் வர்றதும் நல்லா தெரியணும்."

புகார்

ரிட்டயரான அதிகாரி ஒருவர், தன் காலில் சாக்கைச் சுற்றி அவமானப்படுத்தினேன் என்று லாட்ஜ் நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். விழாமல் போய் விழாமல் வந்தவர்! மேனேஜர் கூப்பிட்டார். சேலத்துக்காரர், திட்டும்போதும் மரியாதை குறையாது.

"ஏனுங்க ஸ்டீபன், இனிமே சாக்கைக் கையில எடுத்தீங்கன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவனுங்க."

அந்த அம்மா

வீட்டில் மூன்று பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே ஒரு வயதான தம்பதியைச் சாக்கு இல்லாமல் கூட்டிப் போனேன். பாதி வழியில் அந்த அம்மா வழுக்கிச் சரிந்தார். ஒரு காப்பிச் செடி தடுத்திருக்காவிட்டால் கீழே பள்ளம். கணுக்கால் வீங்கிவிட்டது. ரோடு வரை முதுகில் தூக்கி வந்தேன். அவர் முனகியபோதெல்லாம் மேனேஜரையும் என்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டேன். அவர் கணவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"சாக்கு கட்டி பத்திரமா கூட்டிப் போவீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம். எங்களுக்கு மட்டும் ஏங்க கட்டல?"

பேன்ட்டுக்குள்ளே

நேராக மேனேஜர் மேஜைக்குப் போனேன். சாக்கை அதன்மேல் போட்டு, "இதைக் கட்டிக் கூட்டிப் போறதா இருந்தா நான் போறனுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன். அவர் சாக்கை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தார். அடுத்த வாரம் லாட்ஜ் முதலாளி வந்தார். மேனேஜரும் கூட வரட்டும், அருவி பார்க்க வேண்டும் என்றார். வெளியே ஒரே மூடுபனி. மேனேஜர் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனுங்க ஸ்டீபன், பேன்ட்டுக்கு உள்ளாற, வெளிய தெரியாத மாதிரி கட்ட முடியுங்களா? எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க."

அந்த இறக்கத்தில் போனவர்கள் ஒருவர்கூட பாறையைக் குறை சொன்னதில்லை, என்னைத்தான் சொன்னார்கள்; பாறைக்குத்தான் மேனேஜர் கிடையாதே.