சந்தனம் பூசிய பேஸ் கிட்டார்

என்னிடம் மூன்று பேஸ் கிட்டார்கள் இருக்கின்றன. மூன்றுமே மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியவை. ஒன்றுக்குத் தலை கிடையாது; கம்பியை முறுக்குகிற ஆணிகள் எல்லாம் அடிப்பக்கம் இருக்கும். இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்தது போலக் கட்டையாக இருக்கும். மூன்றாவதைத் தோளில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கிவிடும். வார நாட்களில் அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் கச்சேரி என்று என் பிழைப்பு ஓடுகிறது. மேடையில் நான் உறையைப் பிரிக்கும்போதே கீபோர்டு வாசிக்கிறவர், "இன்னைக்கு எந்தக் கொடுமையத் தூக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டுவிடுவார்.

நல்ல கிட்டார் என்று எல்லாரும் சொல்கிறவற்றையும் நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. விரல் தானாக ஓடும், ஒவ்வொரு சுரமும் கணீர் என்று கேட்கும். பேஸ் எதற்காகக் கணீர் என்று கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கணீர் என்று கேட்கத்தான் பாடுகிறவர்கள் இருக்கிறார்களே. எனக்கு வேண்டியது, லாரியிலிருந்து பருத்திப் பொதியை இறக்கும்போது வருமே 'தொம்' என்று ஒரு சத்தம், அது. விழும், உடனே அடங்கிவிடும், ஆனால் நிற்கிற இடம் ஒருமுறை அசையும். அந்தச் சத்தம் மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளிய கிட்டார்களில்தான் இருக்கிறது. இந்த ருசியை எனக்குப் பழக்கியது அந்தக் கனமான மூன்றாவது கிட்டார்.

எம்.ரெட்டியபட்டியில் என் சித்தப்பா ரேடியோ செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் எதுவானாலும் குழாயும் ஸ்பீக்கர் பாக்ஸும் சீரியல் லைட்டும் அவரிடமிருந்துதான் போகும். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிஃப்ட். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்ச் சேருகிற இடம் சித்தப்பா கடைதான். கடைக்குப் பின்பக்கமே அவர்கள் வீடு. சித்தி எனக்குச் சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், திட்டுவாள். மூன்றையும் ஒரே முகத்தோடுதான் செய்வாள்.

அந்தக் கிட்டார் வந்து சேர்ந்த விதமே அதன் பெருமையைச் சொல்லிவிடும். நரிக்குடிப் பக்கம் ஒரு பொங்கல் விழாவில் கச்சேரி தொடங்கிய சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாட்டுக் குழுக்காரர்கள் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மேடையைப் பிரிக்கும்போது பார்த்தால் பேஸ் கிட்டார் மட்டும் உறையோடு கிடந்தது. சித்தப்பா அதன் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். இந்தா வாரேன், அந்தா வாரேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நாலாவது போனில், "நீங்களே வச்சுக்கங்கண்ணே, எனக்கு இடுப்பு வலி இப்பத்தான் கொறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். மறந்துதான் போனாரா, மழையைச் சாக்காக வைத்துத் தப்பித்தாரா என்று நாங்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு எந்தக் குழு சித்தப்பாவின் செட்டில் கச்சேரி செய்தாலும் அதன் பேஸ்காரரிடம் இதை ஒருமுறை எடுத்துக் காட்டுவார். யாராவது ஒருவர் கொண்டுபோய்விட மாட்டாரா என்ற நப்பாசை. ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே இறக்கி வைத்தார். ஒருவர், கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துச் சாய்கிறது என்றார். கழுத்து தடியாக இருக்கிறது, பிடிக்க இரண்டு கை வேண்டும் என்றார் இன்னொருவர். கம்பி பழசாகிச் செத்துவிட்டது, சத்தம் நீளாமல் உடனே அடங்கிவிடுகிறது என்பது எல்லாருக்கும் பொதுவான புகார். மதுரையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "இது கிட்டாரு இல்லண்ணே, உலக்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. எனக்கு இந்தக் குறைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொள்வேன். கனத்தை மடி தாங்கிக்கொள்ளும், சாய்கிற தலைக்கு ஒயர் வைக்கிற மரப்பெட்டி முட்டு. வேறு கிட்டாரைத் தொட்டிருந்தால்தானே கழுத்து தடி என்று தெரிய? பாக்ஸில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தடித்த கம்பியை ஒரு இழு இழுத்தால், சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே முதுகெலும்பில் ஏறிவிடும். கடையில் எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொருத்தர் தனியாக நடந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். அவர் கால் வைக்கிற இடத்தில் எல்லாம் நானும் கால் வைத்துப் பார்ப்பேன். தப்பாக வைத்தாலும் சத்தம் உடனே செத்துவிடுவதால் மானம் போகாது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரத் தெரிந்தவர்களுக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அருப்புக்கோட்டையில் இன்னொரு ரேடியோ செட் கடைக்காரர். அவர் மகன் காலேஜில் சேர்ந்து, கூட்டாளிகளோடு ஒரு குழு ஆரம்பிக்கப் போகிறானாம். விஜயதசமியன்று பேஸ் தொட்டு வாசிக்கத் தொடங்க வேண்டுமாம். கிட்டாரைக் கொடுத்தால் பதிலுக்கு இரண்டு மைக் ஸ்டாண்டு தருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவருடைய ஸ்டாண்டுகளில் ஒன்று பேசுகிறவர் பாதி பேச்சில் இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கும், எம்.எல்.ஏ. வரை குனிய வைத்த ஸ்டாண்டு அது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மற்ற பேஸ்காரர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இந்தப் பையனோ என்னைப் போலவே வேறு கிட்டாரைத் தொடாதவன். அவனுக்கும் பிடித்துவிட்டால்?

ஆயுத பூஜையன்று காலையில் பொரியும் வாழைக்கன்றும் வாங்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பிய சித்தப்பாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். கிளம்புகிற நேரத்தில் சித்தியிடம் போய் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் சீப்பைக் கீழே வைக்காமல், "அழுதா ஆச்சா? போயி மூஞ்சியக் கழுவு. பஸ்ஸு வந்துரும்" என்றாள். இவளிடம் போய்ச் சொன்னேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அதக் குடுத்துறாதீக சித்தப்பா."

"ஏத்தா, அத வச்சு நீ என்ன செய்யப் போற? ஒன் எடையவிட அது எட கூட. வேணும்னா டவுன்ல ஒனக்கு ஒரு புல்லாங்குழல் வாங்கித் தாரேன்."

அவர் கெட்டவர் இல்லை. புல்லாங்குழலை வாங்கியும் தந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் வாழைக்கன்றின் இலை முகத்தில் உரச, அந்தக் குழலை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கடைக்கு வந்து பார்த்தால், கிட்டார் மணக்கோலத்தில் இருந்தது. சித்தி அதைத் துவைக்கிற கல்லில் வைத்து, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி, சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். உடம்பில் மூன்று பட்டை திருநீறு. நாலு கம்பியிலும் மேலிருந்து கீழ்வரை சந்தனக் குழம்பு. திருகுகிற குமிழ்களின் இடுக்கில் எல்லாம் குங்குமம். போதாததற்குக் கழுத்தில் ஒரு முழம் செவ்வந்திப் பூ. சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு, நல்ல நாளும் அதுவுமாகத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் உடைக்கப் போனார். எனக்கோ வேறு கோபம். நான் அழுதுகொண்டு நிற்கிறேன், இவள் அதைச் சிங்காரித்து வழியனுப்புகிறாளே என்று கோபம். அன்று மத்தியானம் அவள் கையில் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சித்தி தட்டை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அருப்புக்கோட்டைக்காரர் மகனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு புது மைக் ஸ்டாண்டுகள். பையன் கிட்டாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தான். அவன் அதைத் தோளில் மாட்டிக் கையை எடுத்ததும் தலை சாய்ந்து அவன் அப்பாவின் முழங்காலில் இடித்தது. ஒயரைச் சொருகினார்கள். பாக்ஸிலிருந்து அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குமிழைத் திருகினான், பொரிகிற சத்தம் கூடியது. கம்பியை இழுத்தான், ஈரத் துணியை உதறிய மாதிரி 'தொப்' என்றது. இன்னொரு முறை இழுத்தான், அதுவும் இல்லை. காய்ந்த சந்தனம் மட்டும் உதிர்ந்து அவன் புதுச் சட்டையில் விழுந்தது. அவன் விரல்களைப் பார்த்தான், பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான்.

"என்னங்க இது, தண்ணியில போட்டு எடுத்தீகளா?" என்றார் அவர்.

சித்தப்பா உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "கரண்டு சாமானத் தேச்சுக் குளுப்பாட்டுன ஒரே பொம்பள இந்தச் சில்லாவுலயே நீதாண்டி!"

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எனக்கென்ன தெரியும்? பூச நாளு, அழுக்கா இருந்துச்சு, கழுவுனேன்" என்றாள். ஆட்டோக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். பொரி கடலையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அவர்கள் வந்த ஆட்டோவிலேயே திரும்பினார்கள். மைக் ஸ்டாண்டுகளும் திரும்பிப் போயின. சித்தப்பா கிட்டாரை என் பக்கம் தள்ளி, "இந்தா, ஒன் உலக்கைய நீயே வச்சுக்க" என்றார்.

நிழலில் ஒரு வாரம் காயப் போட்டேன். பொரிகிற சத்தம் போய்விட்டது. ஒரு குமிழ் மட்டும் அதோடு செத்தது, இன்னும் உயிர் வரவில்லை. கம்பிச் சுற்றுக்குள் போன சந்தனம் போகவே இல்லை. சத்தம் முன்பைவிட மழுங்கி, முன்பைவிட அழகாகிவிட்டது. அந்தக் கம்பிகளை நான் மாற்றவில்லை. இன்றைக்கும் ஒரு மண்டபத்தில் அதை மாட்டிக்கொண்டு நின்று முதல் சுரத்தைப் போடும்போது, இது எனக்குக் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நான் சம்பாதித்த படிப்பையும் வேலையையும்விட இதைப் பெரிய பேறாக நினைக்கிறேன். சொன்னால் அம்மா சிரிப்பாள்.

போன ஆயுத பூஜைக்கு என் வீட்டில் மூன்று கிட்டார்களையும் வரிசையாக வைத்தேன். ஒயரைப் பிடுங்கினேன். காய்ந்த துணியால் துடைத்தேன். குங்குமத்தை விரல் நுனியில் தொட்டு, கம்பியிலும் குமிழிலும் படாமல் மரத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு, இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தேன். சித்திதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சித்தப்பா கடைச் சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டதற்காக என் முதுகில் ஒன்று வைத்தவளும் அவள்தான். அந்தப் பூசையன்று கிட்டாரின் இரண்டு பக்கமும் ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ஒன்றிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மரச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறிப் போனேன். சித்தி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத் தெரிந்தேதான் கழுவினாளா என்று கேட்டேன். அவள் கை நிற்கவில்லை. "மெதுவாப் பேசுத்தா, அவுக காதுல விழுந்துறப் போகுது. அதச் சொல்லிச் சொல்லி எத்தன வருசமாச் சிரிக்கிறாக. சிரிச்சுட்டுப் போகட்டும், விடு" என்றாள்.

சித்தப்பா எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை முதலில் ஊருக்குள் கொண்டுபோனது அவர் இல்லை. பூசை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றே, சித்தி குத்தவைத்துக் கிட்டாரைத் தேய்ப்பதை, நான் பார்க்காததையும் சேர்த்து, அவள் குரலிலேயே வகுப்பில் நடித்துக் காட்டினேன். "எனக்கென்ன தெரியும்?" என்ற இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடியும் நடிக்கச் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.