துடிக்காத செல்

தெருவில் அவளுக்கு மீன் டாக்டர் என்று பெயர். டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் அந்த டாக்டர் வேறு. மாடி வீட்டுக்காரர் தொட்டியில் மல்லாந்த தங்கமீனைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிவந்து, "எப்படியாவது காப்பாத்திக் குடும்மா" என்று வாசலில் நின்றார். நான் மீனைப் பிழைக்க வைக்கிறவள் இல்லை, அறுக்கிறவள் என்று எந்த வாயால் சொல்வாள்? "பாக்கறேங்க" என்று வாங்கி வைத்தாள். அது வரும் வழியிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அவளுடைய வேலை மீனின் இதயம். நம் இதயத்தைப் பனிக்கட்டித் தண்ணீர் அளவுக்குக் குளிரவைத்தால் நின்றுவிடும். குளிர்நீர் மீனுக்கு நிற்பதில்லை. நிதானமாக, அழுத்தி அடித்துக்கொண்டே இருக்கும். சில வாரம் குளிரில் இருந்தால் இதயமே கொஞ்சம் பெருத்து, அதன் ஒவ்வொரு செல்லும் தன்னை மாற்றிக்கொள்ளும். எதை மாற்றிக்கொள்கிறது, எப்படி? இந்த ஒரு கேள்விக்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து மீன் வாடையோடு வீடு திரும்புகிறாள். "உன் மீனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்துடேன், பிரச்சினை முடிஞ்சுது" என்பான் கணவன்.

இதயத்தைத் தனித்தனி செல்லாகப் பிரிப்பது உயிரை வாங்குகிற வேலை. செல்களைப் பிரிக்கிற கரைசல் கொஞ்சம் கூடினால் எல்லாம் கூழாகிவிடும், குறைந்தால் பிரியவே பிரியாது. எல்லாம் கூடிவந்த நாளில், கண்ணாடித் தட்டில் செல்கள் மெலிந்து நீண்டு, அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் நல்ல செல். மின்சாரத்தால் லேசாகத் தட்டினால் ஒருமுறை சுருங்கி விரியும், மறுபடி அடங்கிவிடும். தட்டாமலே தானாகத் துடிக்கிறதென்றால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். கால்சியம் தாறுமாறாக உள்ளே புகுந்து, அடக்கமாட்டாமல் உதறிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் உருண்டையாகச் செத்துப்போகும். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். "துடிக்குதா? எங்கே, காட்டுங்க!" நல்ல செல்லைக் காட்டினால் முகம் சுருங்கிவிடும்.

அந்த மாதம் முழுக்கக் கெட்ட செல்களாகவே வந்தன. கரைசலை மாற்றினாள், கத்தரியை மாற்றினாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். மீன்களைக் குளிருக்குப் பழக்கும் குளிர்த்தொட்டியை மாதக் கடைசியில் வேறு குழுவுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அதில் பழகிய மீன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் செல்லில் அளவு எடுத்துவிட்டால் இத்தனை வருட உழைப்பு முழுமையாகும், இல்லையென்றால் எல்லாம் அரைகுறைதான். கடைசி மீனை அறுத்த அன்று, கடவுள் கண் திறந்தார். தட்டு நிறைய அருமையான செல்கள், ஒன்றுகூட அசையவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார். செடி ஆராய்ச்சி செய்தவர். தலைவரான பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"நிதி குடுக்கற கமிட்டி வந்திருக்காங்கம்மா. உங்க செல்லைத்தான் பாக்கணுமாம்."

"சார், இன்னிக்கு மட்டும் வேணாம் சார். இதுதான் கடைசி மீன்."

"அஞ்சே நிமிஷம். உங்க வேலையும் அவங்க கையிலதாம்மா இருக்கு."

சரி, மின்சாரத்தால் தட்டியாவது காட்டித் தொலைப்போம் என்று பக்கத்து அறைக்குப் போய் மின்சாரம் கொடுக்கிற பெட்டியை எடுத்து வந்தாள். திரும்பியபோது நுண்ணோக்கியைச் சுற்றிக் கூட்டம். தலைவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு துல்லியமாகக் கேட்டது. அந்த அறையில் எப்போதும் அப்படிக் கேட்காதே! அப்புறம்தான் புரிந்தது. தட்டைக் குளிரில் வைத்திருக்கும் இயந்திரத்தின் இரைச்சலைக் காணோம். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று மனிதர் அதை அணைத்துவிட்டிருந்தார்.

"சார், அந்த மெஷின்..." என்று முண்டிக்கொண்டு போனாள். "ஒரு நிமிஷம்மா" என்று கையமர்த்தினார். கோட்டும் சூட்டுமாக நின்ற முதுகுகளைத் தாண்டி அவளால் கை நீட்ட முடியவில்லை. நுண்ணோக்கியின் திரையில் ஒரு செல் உதறியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தட்டு முழுவதும்.

எல்லோரும் கைதட்டினார்கள். கமிட்டித் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மீன் செத்தப்புறமும் எப்படித் துடிக்குது பாருங்க! உயிர்னா இதுதாங்க!"

"மேடம், அது சாகுதுங்க. சூடு தாங்காம சாகுது" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

தலைவர் முந்திக்கொண்டு சிரித்தார். "இவங்க எப்பவும் இப்படித்தான் மேடம். தன் வேலையில குறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்." உடனே எல்லோரும் சிரித்தார்கள். தலைவியம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவர்கள் போனதும் ஓடிப்போய் இயந்திரத்தைப் போட்டாள். இனிப் போட்டு என்ன? அத்தனையும் உருண்டை. ஒரு செல், ஒரே ஒரு செல் தேறாதா என்று சாயங்காலம் வரை தேடினாள். மீன் தொட்டிக்கடியில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழலாமா என்றுகூட யோசித்தாள். அங்கே ஈரமாக இருந்தது.

விளக்கை அணைக்கப் போகும்போது தலைவர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"சாதிச்சுட்டீங்கம்மா! இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நிதி, உங்க வேலையும் நீட்டிச்சாச்சு. மேடம் அப்படியே உருகிட்டாங்க. அடுத்த தடவை பேரப்பிள்ளைங்களோட வராங்களாம், துடிக்கிற செல்லு நிறைய வேணுமாம்."

"அது எத்தனை வேணும்னாலும் வரும் சார்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நிதிதான் வந்துடுச்சே, குளிர்த்தொட்டியை நாமளே வச்சுக்கலாமா சார்?"

"அது எதுக்கும்மா இனிமே?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்களே பாத்தீங்கல்ல, குளிர்ல வச்சா ஒண்ணுமே துடிக்க மாட்டேங்குது."

ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. "ரொம்ப நன்றி சார்" என்றாள்.