காற்று இன்னும் நிற்கவில்லை

ஏனோக்கா மாமா மாதிரி ஒரு பிடிவாதக்காரரை மொலொகாய் தீவு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன். என்னைவிட அதிகமாக அவரிடம் சண்டை போட்டவள் அவர் மனைவி லிலினோய் அத்தை மட்டும்தான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மாமாவின் தொழில் ஒபிஹி பெயர்ப்பது. அலை மோதும் பாறையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிப்பி அது. மொக்கைக் கத்தியை அடியில் கொடுத்து ஒரே நெம்பாக நெம்ப வேண்டும். நெம்புகிறவரின் கண் பாறையில் இருக்கும், கடலைப் பார்க்க முடியாது. அதனால் மேலே ஒரு பாறையில் ஒருவர் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய அலை தூரத்தில் எழும்பும்போதே கத்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது அத்தையின் வேலை. “ஏறு!” என்பாள், அவ்வளவுதான். வீட்டில் அவள் சொல்லும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பாதி பெயர்த்த சிப்பியைக்கூட விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்.

கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் தீவில் எங்கே போகிறோம் என்று சொல்லமாட்டார்கள். “சும்மா சுத்திட்டு வரேன்” என்பார்கள். நாமும் கேட்கக் கூடாது. வாய்விட்டுச் சொன்னால் கடலின் காதில் விழுந்துவிடும், கைக்கு ஒன்றும் சிக்காது. அத்தையிடம்கூட மாமா ஒருநாளும் சொன்னதில்லை. வண்டியைக் கிளப்புவார், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள்.

அவள் போன பிறகு யார் வந்து உட்காருவது? ‘துணைக்கு வா’ என்று அவர் கேட்க முடியாது, கேட்டால் போகுமிடத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ‘நான் வரட்டுமா’ என்று நாங்களும் கேட்க முடியாது. மரியாதை என்று நினைத்து ஊரே வாயை மூடிக்கொண்டது. நல்ல மரியாதை, நாசமாய்ப் போக! வாசலில் அவர் வண்டி துருப்பிடித்தது.

யாராவது ஜாடையாகக் கேட்டால், “காத்து நிக்கட்டும்” என்பார். அது நியாயமான பதில்தான். வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது கிழக்குக் கரைப் பாறைகளில் கால் வைக்க முடியாது. ஆனால் காற்று நின்ற நாட்களும் வந்தன. அன்றைக்கு முழங்கால் வலிக்கும், இல்லையென்றால் வண்டி கிளம்பாது. எனக்குத் தெரியாதா என்ன?

போன கோடையில் லாஸ் வேகாஸிலிருந்து அவர் மகள் ஹவுனானி போன் செய்தாள். தன் பிள்ளையின் முதல் பிறந்தநாள் விருந்தை இங்கேதான் வைக்கப்போகிறாளாம். விருந்து முடிந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம்.

மாமா வேலியருகே வந்து நின்றார். “ஏய் கபுவா, கேட்டியா? என்னை மூட்டை கட்டப் போறாளாம்.”

“போயேன் மாமா. வேளாவேளைக்குச் சோறு, குளுகுளுன்னு ஏசி. எனக்கும் உன்னோட மல்லுக்கட்டுற வேலை மிச்சம்.”

“போடி இவளே! நானா உழைக்க முடியாதவன்? விருந்துல ஒபிஹி வைக்கிறேன்னு சொல்லிட்டேன். வச்சுட்டா அவ வாயைத் தொறக்கக் கூடாது. இங்கதான் இருப்பேன்.”

“வைக்கலேன்னா?”

அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் பக்கம் மழையே இல்லை. புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது, செம்மண் தூசி சட்டி பானையில் எல்லாம் படிந்தது. காற்று ராவும் பகலும் விடவில்லை, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தன. ரேடியோவில் தினமும் அதையேதான் சொன்னார்கள்: காற்று பலம், வானம் வறட்சி, கிழக்குக் கரையில் உயரமான அலை. மாமா காலையில் வாசலில் நின்று தென்னை மட்டைகளைப் பார்ப்பார், அவை ஆடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

விருந்து நெருங்கிவிட்டது. ஒருநாள் விடியும்போது ஜன்னல் சத்தம் இல்லை. நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு மட்டைகூட அசையவில்லை. மாமா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

கிளம்பிய வண்டி நகரவில்லை. உறுமிக்கொண்டு அங்கேயே நின்றது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்து இருக்கை காலி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, அத்தைமேலா, எங்கள் வழக்கத்தின்மேலா தெரியவில்லை. அடுப்பை அணைத்தேன், போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

“எங்க ஏறுற?” என்றார்.

“சும்மா சுத்தப் போறேன். உனக்கென்ன?”

அவர் வண்டியைக் கரைப் பக்கம் திருப்பினார்.

அத்தை நின்ற பாறையிலேயே நின்றேன். கடல் தூங்குகிற மாதிரி கிடந்தது. மாமா இடுப்புப் பையோடு இறங்கினார், கை பழைய மாதிரியே ஓடியது. பை நிரம்ப நிரம்ப எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷர் ஜெயித்துவிட்டார், ஹவுனானி தனியாகத்தான் திரும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

தூரத்தில் ஒரு கோடு கறுத்து எழும்பியது.

“ஏறு!” என்று கத்தினேன். மாமா தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். ஏறவில்லை. “மாமா, ஏறு! ஏறித் தொலை!” அப்படியே நின்றார், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. அலை அவரை மூடியது.

கடவுள் புண்ணியம், பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். இழுத்து மேலே போட்டேன். முதுகும் முழங்கையும் உரிந்து ரத்தம். பை போய்விட்டது, கத்தியும் போய்விட்டது.

“காது செவிடா? தொண்டை கிழியக் கத்தினேனே!” அழுதுகொண்டே திட்டினேன்.

“கேட்டுச்சு.”

“பின்ன ஏன் ஏறல?”

“அவ இன்னும் கத்தலியேன்னு நின்னுட்டேன்” என்றார்.

நான் அவர் முழங்கையைத் துணியால் கட்டினேன்.

மறுநாளே காற்று திரும்பிவிட்டது. விருந்தில் மண்குழியில் வெந்த பன்றி இருந்தது, மீன் இருந்தது, ஒபிஹி இல்லை. ஹவுனானி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, நல்ல பெண். அப்பாவின் முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“கெளம்புப்பா” என்றாள்.

“ம்” என்றார். அந்தப் பிடிவாதக்காரர் மூட்டை கட்டிவிட்டார்.

இப்போது லாஸ் வேகாஸிலிருந்து தினமும் காலையில் அவர் போன் வரும். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“காத்து எப்படி இருக்கு?”

“அடிக்குது மாமா.”

“அலை?”

“பாறை மேல ஏறி அடிக்குது.”

“அப்ப சரி. அங்க இருந்திருந்தாலும் போயிருக்க முடியாது.” போனை வைத்துவிடுவார்.

இன்றைக்கும் வந்தது. நான் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து ஒரு மட்டை அசையவில்லை, கடல் வழித்துவிட்ட மாதிரி கிடந்தது.

“காத்து எப்படி இருக்கு, கபுவா?”

“நிக்கவே இல்ல மாமா” என்றேன்.