டேப் தட்டாமலே வந்த சொல்

கற்பனை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அன்று கிர்கிஸ் நாட்டின் நாரின் ஊரில் அந்தக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். பக்கத்தில் நின்று டோக்டோசுன் பைகேயும், அதாவது டோக்டோசுன் அண்ணனும், பார்த்தார்.

ஜனவரி மாதம். வெளியே பனிப்புயல். மகப்பேறு மருத்துவமனையின் கொதிகலன் மதியத்திலிருந்தே ஓடவில்லை. அதை இயக்கும் புரோகிராம் அப்படியே உறைந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் ஓடியிருப்பேன். கொதிகலன் அறைக்கு நேர் மேலே, பிறந்து இரண்டு நாளான மகளை அணைத்துக்கொண்டு என் நாத்தனார் பெர்மெட் படுத்திருந்தாள். வார்டுக் குழாய்கள் ஆறிக்கொண்டிருந்தன.

கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் டோக்டோசுன் பைகே. கையாலேயே பற்றவைத்துவிடலாம் என்று துடித்தார். புரோகிராம் பாதியில் விழித்துக்கொண்டு குறுக்கே வந்தால் வம்பு, முதலில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன் என்றேன்.

புரோகிராமின் உள்ளே எட்டிப் பார்க்க உதவும் டிபக்கரைத் திறந்தேன். கருப்புத் திரை, வெறும் எழுத்து. புரோகிராமின் உள்ளே இருக்கும் பகுதிகளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எழுதியது பிஷ்கேக்கில் உள்ள ஒரு கம்பெனி. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் டேப் கீதான் கை கொடுக்கும். முதல் எழுத்தைத் தட்டி டேப்பை அழுத்தினால் மீதிப் பெயரை அதுவே நிரப்பும். பல பெயர்கள் பொருந்தினால் 'பீப்' என்று கத்திவிட்டுக் காத்திருக்கும்.

அழுத்தினேன். வெறும் இடைவெளி விழுந்தது.

தோண்டிப் பார்த்தேன். திரையின் வகை தப்பாகப் பதிந்திருந்தது; அதனால்தான் டேப் பெயரை நிரப்பவில்லை. திருத்திவிட்டு, டிபக்கரை மூடித் திறந்தேன்.

"என்ன கெலின், அந்தப் பெட்டியோட குடும்பமே நடத்துவ போலிருக்கு," என்றார் பைகே. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எல்லாருமே அவருக்குக் கெலின்தான், மருமகள்தான்.

ஓர் எழுத்து. டேப்.

பீப் சத்தம் இல்லை. ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. அதுவும் எங்கள் கிர்கிஸ் மொழியில்.

பற்றவைக்காதே.

எவனோ விளையாட்டுக்கு வைத்த பெயர் என்று அழித்தேன். வேறோர் எழுத்தைத் தட்டினேன். டேப்.

நான் தட்டிய எழுத்து மறைந்தது.

பற்றவைக்காதே.

டேப் சேர்க்கும்... நாம் தட்டியதை ஒருபோதும் அழிக்காது.

போன் அடித்தது. பெர்மெட். குழந்தையின் பாதம் ஜில்லிட்டுப்போச்சு, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அதைக் கேட்டதும் பைகே பந்தத்தைக் கொளுத்திவிட்டார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

டக்.

டேப் கீ தானாக உள்ளே போய் எழுந்தது.

பற்றவைக்காதே.

டக்... டக்... டக்...

திரை முழுக்க அதே சொல்.

"நீ தொடலயே," என்றார் பைகே.

"தொடல."

பந்தம் மணல் வாளிக்குள் போனது.

பிறகுதான் புகைபோக்கியைத் திறந்து பார்த்தோம். காற்றில் உள்தகடு விழுந்து, பனியில் இறுகி, வழியை அடைத்திருந்தது. பற்றவைத்திருந்தால் புகைக்கு ஒரே வழிதான் இருந்திருக்கும். கூரை விரிசல். அதற்கு மேலே வார்டு.

தகட்டை உடைத்து எடுத்தோம். கையால் பற்றவைத்தோம். கொஞ்ச நேரத்தில் குழாய்கள் சூடாயின. திரும்பி வந்து பார்த்தேன். திரையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த வாரம் பிஷ்கேக் கம்பெனிப் பையன் போனை எடுத்தான். அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டேன்.

"எந்தப் பேரு, எஜே?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டான். "அனுப்புறதுக்கு முன்னாடியே எல்லாப் பேரையும் உருவிட்டுத்தான் கொடுப்போம். அதுக்குள்ள ஒரு பேருகூடக் கிடையாது. டேப் எதை எடுத்து நிரப்பும்?"