அவர் முகத்தில் என் போன்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிப்டுக்குப் பயம். கம்பெனி பஸ் பாலத்தில் ஏறினால்கூட முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, பஸ்ஸில் என்னைப் பார்த்து, வீட்டில் வந்து பேசிக் கட்டிக்கொண்ட மனிதர் அவர். அவர் ஊரில் பெண்டாட்டியை 'ஏட்டி' என்று கூப்பிட்டால் பாசமாம். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் அப்படிக் கூப்பிட்டால் செருப்பு பறக்கும். முதல் ஆறு மாதம் அந்த வார்த்தைக்காகவே தினமும் சண்டை போட்டேன்.

அவருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவது ஒன்றுதான் வியாதி. சென்னைக்குப் போய்ப் பழைய சாமான்களாக வாங்கிவந்து, தானே பூட்டி ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தார். அதில் துப்பாக்கி சுட்டார், கார் ஓட்டினார், கொஞ்ச நாளில் அதுவும் புளித்துப் போயிற்று. தலையில் மாட்டிக்கொண்டால் கேமுக்குள்ளேயே போய் நிற்கிற மாதிரி இருக்கும் ஒரு பெட்டியை வீடியோவில் பார்த்துவிட்டார். உண்மையான பெட்டியின் விலையைக் கேட்டதும் நான் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சை விட்டார். விட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்சலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது. கண்ணுக்கு முன்னால் இரண்டு லென்ஸ், அதற்கு முன்னால் போனைச் சொருக ஓர் இடம், தலையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை. அவ்வளவுதான் சாமானே. போனில் ஓர் ஆப், கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர், நடுவில் ஒரு நீள வயர். கம்ப்யூட்டரில் ஓடுகிற கேம் போனில் இரண்டு படமாகப் பிரிந்து வரும், லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒன்றாகிவிடும். தலையைத் திருப்பினால் கேமும் திரும்பும். ஆனால் தலை திரும்புவதை உணர்கிற சங்கதி அவர் போனில் இல்லையாம். என் போனில் இருந்தது. ஆக, போன் என்னுடையது, ஆட்டம் அவருடையது.

அந்த ஆப்பில், மாட்டியிருக்கும்போதே கேமரா வழியாக வெளியே பார்த்துக்கொள்ள ஒரு பட்டன்கூட உண்டு. எனக்குக் கார் வயர்களைக் கட்டாகக் கட்டி டேப் சுற்றுகிற கம்பெனியில் வேலை. உள்ளே போகும்போது கேட்டிலேயே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். தினமும் பிய்த்துத் தினமும் ஒட்டினால் கண்ணாடியில் பிசின் படிகிறது என்று நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். அதனால் டப்பாவை மாட்டிவிட்டால் அவருக்கு வெளியுலகம் கிடையாது. காதில் ஹெட்செட் வேறு. அதில் இடது பக்கம் செத்துப் போய்விட்டதால், அந்தக் காதில் மட்டும் நான் பேசுவது கொஞ்சம் விழும்.

ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டும் கேட்கவில்லையே என்று போய்த் தோளைத் தொட்டேன். "எம்மா!" என்று அலறி அவர் துள்ளிய துள்ளலில் முழங்கை சுவர்க் கண்ணாடியில் பட்டு, கண்ணாடி கீழே விழுந்து சில்லு சில்லாகப் போயிற்று. என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஆள்! டப்பாவை மாட்டினால் அவருக்கும் ஈரக்குலை ஆடத்தான் செய்தது. அதிலிருந்து அவர் விளையாடும்போது நான் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் தெரிவதைப் பார்த்துக்கொண்டு, பயமான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து மழை. எங்களுடையது லைன் வீட்டில் கீழ்த்தள வீடு, ஒரே அறை. முன்னால் வாசல் கதவு, அதை ஒட்டிக் கம்ப்யூட்டர் மேஜை, பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம். அதற்கும் பின்னால் கல் நட்டுப் போட்டிருக்கிற காலி மனைகள். என் சின்ன வயதில் அங்கெல்லாம் நெல் இருந்தது, இப்போது மழை பெய்தால் தண்ணீர் மட்டும் நிற்கிறது. பக்கத்து வீடுகளில் எல்லாரும் ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார்கள். காற்று வரட்டும் என்று வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் அறை நடுவில் வெறுங்காலோடு, டப்பாவை மாட்டிக்கொண்டு, கையில் ஜாய்ஸ்டிக்கோடு நின்றிருந்தார்.

அன்று ஆடியது பேய் கேம். இடிந்து போன ஓர் ஆஸ்பத்திரி, அதற்குள் ஓர் உருவம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆடுகிற ஆள் அசைந்தால் அது கண்டுபிடித்துவிடும், அசையாமல் நின்றால் விட்டுவிட்டுப் போய்விடும். தலையைத் திருப்பினால்கூட அசைந்த கணக்குத்தான். அவர் ஒரு நீளமான வராந்தாவில் நின்றிருந்தார். திரையில் ஒன்றுமே இல்லை, காலியான வராந்தா.

அப்போதுதான் அவர் சொன்னார். "ஏட்டி, வயரு கால்ல உரசுது. கொஞ்சம் எடுத்து அங்கன போடு."

எழுந்திருக்கப் போனேன். வயர் எங்கே என்று பார்த்தேன். அது டப்பாவிலிருந்து அவர் வலது தோள் மேலாக இறங்கி, நேராக என் மேஜைக்கு வந்திருந்தது. அவர் காலுக்குப் பக்கத்திலேயே இல்லை. இடது காலை ஒட்டிக் கிடந்தது வேறு. கறுப்பாக, வழவழப்பாக, உடம்பெல்லாம் மெல்லிசாக வெள்ளை வளையம். தலை அவர் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கட்டுவிரியன். வயல்காட்டில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அது கடித்தால் வலிக்கவே வலிக்காது என்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் பாயில் படுத்திருந்தவர், கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார். விடிந்து எழுந்திருக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

பாம்பு என்று கத்தினால் துள்ளுவார். துள்ளினால் கால் அதன் மேல்தான் இறங்கும். போய்த் தொட்டாலும் அதே கதிதான். யாரையாவது கூப்பிடலாம் என்றால் என் போன் அவர் முகத்தில் இருக்கிறது, அவர் போன் அவர் பாக்கெட்டில் இருக்கிறது. மழைச் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த லைனில் கேட்க ஆள் இல்லை.

"என்னட்டி, தூங்கிட்டியா? சரி, நானே எடுத்துக்கிடுதேன்" என்று ஜாய்ஸ்டிக்கிலிருந்து இடது கையை எடுத்தார். குனிய ஆரம்பித்தார். கை கீழே இறங்கியது.

"அசையாத!" என்றேன். "யோவ், அசையாதயா! அது வந்துடுச்சு!"

பாதிக் குனிந்தவர் அப்படியே நின்றார். "எங்கட்டி? ஒண்ணும் தெரியலயே."

"உன் பின்னாடி கீது. சொவத்துல நெழல் தெரியுது பாரு. தலயத் திருப்பாத. காலு, கையி எதுவும் ஆடக்கூடாது. ஆடுனா புடிச்சிக்கும்."

"நெழலா?"

"நான் பாத்துகினு கீறேன்ல? சொன்னா கேளுயா!"

திரையில் நிழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் என் குரல் நடுங்கிய நடுக்கம் பொய் இல்லை, அதனால் நம்பிவிட்டார். மெதுவாக, மிக மெதுவாக நிமிரச் சொன்னேன், நிமிர்ந்தார். கை மேலே போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாம்பு போகவில்லை. அதற்கு என்ன அவசரம்? மழைத் தண்ணீரில் நனைந்து வந்தது, காய்ந்த தரையையும் கதகதப்பான காலையும் கண்டுவிட்டது. கொஞ்சம் சுருண்டது, அவர் குதிகாலில் உடம்பு பட்டது. "வயரு இன்னும் உரசுது" என்றார். "உரசட்டும்" என்றேன். "ஒரு மாதிரி சில்லுனு இருக்குட்டி." "மழத் தண்ணி உள்ள வந்துகீது. பேசாத. பேசுனாலும் அதுக்குக் கேக்குது." இப்படி ஒன்று மாற்றி ஒன்று புளுகினேன். கையெடுத்துக் கும்பிடக்கூட எனக்குக் கை வரவில்லை. தாயே, தாயே என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

நடுவில் கரன்ட் ஒருமுறை மங்கியது. ட்யூப்லைட் அணைந்து எரிந்தது, கம்ப்யூட்டர் எப்படியோ தப்பித்தது. அது நின்றிருந்தால் படம் போயிருக்கும், படம் போயிருந்தால் டப்பாவைக் கழற்றி ஒரு காலை எடுத்து வைத்திருப்பார். நான் செத்துப் பிழைத்தேன்.

"இன்னும் நிக்குதா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"நிக்குது. கிட்ட வந்துடுச்சு."

அவர் கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல, இல்லாத அந்தப் பேய் அவருக்கு உண்மையிலேயே முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பாவமாக இருந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை. அந்தப் பயம் போனால் அவர் கால் அசையும்.

அப்போது அவர் வலது கையை என் பக்கமாக மெல்ல நீட்டினார். முகம் அந்தப் பக்கம், கை மட்டும் இந்தப் பக்கம். விரல்கள் காற்றில் தேடின.

"ஏட்டி, கையக் குடு."

இத்தனை நாளில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நாலே எட்டு. ஆனால் என் கால் தரையில் அதிர்ந்தால் அது தலையைத் தூக்கும்.

"வர மாட்டேன்" என்றேன். "நான் வந்தா ரெண்டு பேரையும் புடிச்சிக்கும்."

"சும்மா ஒரு விரலையாவது குடேன்."

"முடியாதுயா. அப்டியே நில்லு. நான் இங்கதான் கீறேன்."

கை நீண்டபடியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன், சத்தம் வராமல்.

கடைசியில் அது அசைந்தது. சுருள் பிரிந்தது. அவர் காலை விட்டு விலகி, வந்த வழியே பின்பக்கமாகப் போகும் என்று பார்த்தால், வெளிச்சம் இருந்த பக்கமாகத் திரும்பியது. என் பக்கம்! தரையோடு தரையாக நேராக என் நாற்காலியை நோக்கி வந்தது. காலைத் தூக்கலாம் என்றால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கொஞ்சம் அசைந்தாலும் தரையெல்லாம் அதிரும். பாதத்தை அப்படியே தரையில் பதித்து வைத்தேன். என் இரண்டு காலுக்கும் நடுவில் அது நுழைந்தது.

"ஏட்டி, சத்தத்தக் காணோம். இருக்கியா?"

பேசாமல் இருந்தால் திரும்பிவிடுவார். "கீறேன்" என்றேன். "போவுது. போயிகினே கீது. இன்னும் கொஞ்சம். அசையாத." என் கணுக்காலில் ஏதோ பட்டது. பட்டதா, பட்ட மாதிரி இருந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அசையாத, அசையாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாற்காலிக்கு அடியில் புகுந்து, பின்பக்கம் வெளியேறி, வாசல் நிலையைத் தாண்டி மழைக்குள் இறங்கிவிட்டது. கழுத்தை மட்டும் திருப்பி, கடைசி வால் நுனியும் வெளியே போனதைப் பார்த்த பிறகு எழுந்தேன். கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கதவிடுக்கில் கால்மிதியைச் சுருட்டித் திணித்தேன். பிறகு ஓடிப்போய், இன்னும் நீட்டியபடி இருந்த அந்தக் கையைப் பிடித்தேன். வேர்வையில் வழுக்கியது.

"போயிட்டுதா?" என்றார். டப்பாவைத் தூக்கினார். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வளையம் பதிந்திருந்தது. சிரிக்க வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"யோவ், அது வயரு இல்ல" என்றேன். "கட்டுவிரியன். உன் கால்லதான் சுருண்டுகினு இருந்துச்சு."

காலைப் பார்த்தார். வயரைப் பார்த்தார், அது மேஜைப் பக்கம் கிடந்ததைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அவர் என் காலை இழுத்துப் பார்த்தார்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டார். நாற்காலியைக் காட்டினேன், கதவைக் காட்டினேன்.

"அப்போ கதவு திறந்துதான இருந்துச்சு?"

"ஆமா."

"உன் முதுகுக்குப் பின்னாலதான கதவு? நீ வெளிய ஓடியிருக்கலாம்லா?"

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். ஆமாம், எழுந்து ஓர் எட்டு வைத்திருந்தால் தெருவில் நின்றிருப்பேன். பல்லியைப் பார்த்தாலே தெருவுக்கு ஓடுகிறவள் நான். அவர் கேட்கிற வரைக்கும் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. இப்போது வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் உதறியது, கூடவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்கிறார் பார் கேள்வி! இரண்டு கையாலும் அவர் தோளில் படபடவென்று அடித்தேன்.

"நான் ஓடிட்டா, அசையாதன்னு உன்னாண்ட யாருயா சொல்றது?"