ஆலாவுக்கு ஒரு பர்மிட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கடலைப் பார்த்தவர் என்று பெயர் எடுத்தவர் அப்பா ஒருவர்தான். கதிர்காமத்துக்குப் போகிற வழியில், பஸ் ஜன்னலால், தூக்கம் கலைந்த அரை நிமிடம் பார்த்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் கடல் பற்றிய சந்தேகம் எதுவாக இருந்தாலும் அவர் சொல்வதே முடிவு. ஆகவே, ஆடிக் காற்று மூன்று நாளாகக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தியில் விழுந்து கிடந்த பறவையைப் பார்த்து அவர் "காட்டுப் புறா" என்றதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாதவர் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவருக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்து, பாஸும் பண்ணியவர் அவர் மட்டுமே. அந்த வருடம் அவருக்கு வலப்பனையில் கடை வைத்திருந்த ஒரு சொந்தக்காரரை அப்பா பேசி வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

அத்தை பறவையைத் துவாயில் சுற்றி எடுத்தார். அது அவர் விரலைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. அவர் விடவில்லை. முதுகு கருஞ்சாம்பல், வயிறு சுத்த வெள்ளை. நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோடு. இறக்கையை விரித்துப் பார்த்தால் அந்த உடம்புக்கு அது சம்பந்தமே இல்லாத நீளம். கால் விரல்களுக்கு நடுவே கறுப்புத் தோல்.

"காட்டுப் புறாவுக்கு வாத்துக் கால் இருக்குமா அண்ணே?" என்று கேட்டார் அத்தை.

"மழையில ஊறி வீங்கியிருக்கும்" என்றார் அப்பா. தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டதால் மேற்கொண்டு விவாதிக்க அவருக்கு நேரமில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு மூடியிருந்தது. எங்கள் சயன்ஸ் டீச்சர் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் இருந்தார். மழையில் குடையும் இல்லாமல் அரை மணி நேரம் நடந்து போய் அவரைக் கையோடு கூட்டி வந்தேன். டீச்சர் பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் நாலைந்து படம் எடுத்தார். கொழும்பில் பறவை பார்க்கிற ஐயா ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று அவருக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் போன் அடித்தது. டீச்சர் சிங்களத்தில் பேசப் பேச அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

"இது ஆலா. கடல் பறவை" என்றார். "இந்த மாசத்துல கொழும்புக்கு வெளிய நடுக்கடல்ல கூட்டம் கூட்டமாப் போகுமாம். கரையில நின்னு பாக்குறதே அபூர்வமாம். மலையில விழுந்ததுன்னு சொன்னா நம்பமாட்டேங்குறாரு. காத்து தூக்கிட்டு வந்து போட்டிருக்கு."

"டேம்ல விட்டா போதுமா டீச்சர்? நோட்டன் பிரிட்ஜ் பக்கந்தானே?" என்று கேட்டேன்.

"டேம் தண்ணி கடல் ஆகுமா? இதுக்குக் கடல்தான் வேணும். உசுரோட இருந்தா கொழும்புக்குக் கொண்டாந்து விடச் சொல்றாரு. அவரே கரைக்கு வந்து நிப்பாராம்."

டீச்சர் போன பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் பறவையைக் கடலில் விட்டே தீருவேன். அத்தையிடம் சொன்னேன். "நாளைக்கே போவோம் அத்தை."

அத்தை விரலை மடக்கி நாள் எண்ணினார். பிறகு, "வெள்ளிக்கிழமை போவோம்" என்றார்.

"ஏன் வெள்ளிக்கிழமை?"

"அது தெம்பாகணும்ல? அப்பாகிட்ட நீதான் கேக்கணும். நான் கேட்டா விடமாட்டாரு."

கேட்டேன். அப்பா சிரித்தார். மறுபடி கேட்டேன். அதட்டினார். அன்று ராத்திரி நான் ரொட்டியைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலும் தொடவில்லை. மத்தியானம் அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து சோறு போட்டபோதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பசி தாங்காமல் பறவைக்கு வைத்திருந்த நெத்தலிக் கருவாட்டில் இரண்டைத் தின்றது யாருக்கும் தெரியாது. பறவை அதைத் தொடவே இல்லை. உப்பு அதிகம் என்று அதற்கும் பட்டிருக்கலாம்.

சாயந்தரம் வேலை விட்டு வந்த அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"புள்ள செத்துருவா போலருக்குங்க" என்றார் அம்மா, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல். "போகட்டுமே. உங்க தங்கச்சி கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துரும்."

"எனக்கு லீவு கெடையாது. பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா கொழும்புக்கா?"

"ரெண்டு பேரு இல்ல, மூணு" என்றேன் நான். பறவையையும் சேர்த்துச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் அவரால் மறுக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம்.

அதன் பிறகு அந்தப் பறவையைச் சாகவிடாமல் வைத்திருப்பதே எங்கள் வேலையானது. நான் அம்மாவின் பழைய தாவணியைக் கொண்டுபோய் லயத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் விரல் நீளப் பொடி மீன் பிடித்து வந்தேன். அத்தை அதன் அலகைத் திறந்து ஒவ்வொரு மீனாக உள்ளே தள்ளுவார். முதல் நாள் கக்கியது. இரண்டாம் நாள் பாதியை விழுங்கியது. பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே பழைய சீலைத் துண்டு விரித்து, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைத்தோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. கண் பாதி மூடியிருந்தது. அத்தை பிள்ளைக் காம்பராவுக்கு அரை நாள் சொல்லிவிட்டு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைகளுக்குக் கொடுக்கிற சீனித் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வரைக்கும் இரு தாயி. நாளைக்கு ஒரு நாள் இரு" என்று அதனிடம் கெஞ்சினார்.

ஒரு பறவைக்காக இவ்வளவு அழுகிற மனுஷி உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைத்தேன். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த மத்தியானம்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் பறவை தலையைத் தூக்கி அவர் கையை மறுபடி கொத்தியது. அத்தை சிரித்தார்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். அம்மா தன் நீலப் பட்டுச் சேலையை அத்தைக்குக் கட்டிவிட்டார். தீபாவளிக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும் சேலை அது.

"பறவை கொண்டுபோறதுக்குப் பட்டா?" என்றார் அப்பா கொட்டாவியோடு.

"கொழும்புல பாக்குறவங்க நம்மள என்னான்னு நெனைப்பாங்க?" என்றார் அம்மா. அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

கினிகத்தேனையில் பஸ் மாறினோம். பெட்டி என் மடியில். வளைவுகளில் எனக்கு இரண்டு முறை வாந்தி வந்தது, பறவைக்கு வரவில்லை. அவிசாவளை தாண்டியதும் காற்று கொதித்தது. அத்தை வழி முழுக்க எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். நடுநடுவே சிங்களமும் இங்கிலீசும் கேட்டது.

கொழும்பில் இறங்கியதும் கடலுக்குப் போகவில்லை. பெரிய வெள்ளைக் கட்டடம் ஒன்றுக்குப் போனோம். நீளமான வராந்தா. வரிசையாகப் போட்ட வாங்குப் பலகைகளில் இளம் பெண்கள், எல்லோரும் சேலை கட்டி, கையில் பைல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் தன் பைக்கு அடியிலிருந்து ஒரு பைலை எடுத்தார். அதுவரை நான் பார்த்திராத பைல்.

"இது என்னா எடம் அத்தை?"

அத்தை என் பக்கம் குனிந்தார். "பறவைய கடல்ல விடுறதுக்கு பர்மிட் எடுக்கணும் சாமி. நீ இங்கனயே இரு. பெட்டிய எவர் கையிலயும் குடுத்துராத."

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மண் ஏற்றப் பர்மிட், மரம் தறிக்கப் பர்மிட், மாடு கொண்டுபோகப் பர்மிட் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கடலில் பறவை விடுவது அதையெல்லாம் விடப் பெரிய காரியமில்லையா? நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எதிர் வாங்கில் இருந்த அக்காவிடம் சினேகமாகக் கேட்டேன்.

"உங்க பறவை எங்கக்கா?"

அவர் விழித்தார். நான் பெட்டியின் ஓட்டையைக் காட்டி விளக்கினேன். அத்தை உள்ளே பர்மிட் எடுக்கப் போயிருக்கிறார், கிடைத்ததும் கடலுக்குப் போகிறோம் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, வராந்தா முழுவதும் சிரிப்பு ஓடியது. பயத்தில் வெளுத்திருந்த முகங்களெல்லாம் கொஞ்சம் நிறம் கண்டன. ஆளுக்கு ஆள் வந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு டொபி மிட்டாய் கொடுத்தார். இத்தனை பேர் பறவையே இல்லாமல் பர்மிட்டுக்கு வந்திருக்கிறார்களே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அத்தை வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"கெடைச்சிச்சா?"

"தெரியாது. கடிதம் போடுவாங்களாம்."

"அப்ப விட ஏலாதா?"

"விடுவோம்" என்றார் அத்தை. "வா, விட்டுட்டுப் பாத்துக்குவோம்."

வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். நான் அதைப் பார்த்து வாய் பிளந்தது ஞாபகம் இருக்கிறது. அத்தை என்ன செய்தார் என்று பார்க்கத் தோன்றவில்லை. தொப்பியும் கழுத்தில் தொங்கும் தூரக்கண்ணாடியுமாக, டீச்சர் சொல்லி வைத்திருந்தபடி கொழும்பு ஐயா காத்திருந்தார். பெட்டியைத் திறந்து பறவையை மெதுவாக எடுத்தார். இறக்கையை அளந்தார், படம் எடுத்தார், சின்னக் கொப்பியில் என்னவோ எழுதினார். பிறகு உடைந்த தமிழில் என்னிடம், "நீ பெரிய வேலை செஞ்சது, மகள்" என்றார்.

அத்தை பறவையை உயர்த்தி விட்டார். அது பறந்தது. முப்பது அடி கூடப் போகவில்லை. எங்கிருந்தோ வந்த காக்கைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கொத்திக் கொத்திக் கீழே தள்ளின. பறவை ஈர மணலில் விழுந்து இறக்கையை விரித்துக் கிடந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் அத்தை ஓடினார். கொண்டுவந்திருந்த குடையை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே சுழற்றிச் சுழற்றிக் காக்கைகளை விரட்டினார். சிறகெல்லாம் மணலாக இருந்த பறவையை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

கடலுக்குள் நீட்டிப் போட்டிருந்த கல் அணை ஒன்று பக்கத்தில் இருந்தது. அலை அதன் மேல் ஏறி ஏறி இறங்கியது. அத்தை குடையை என் கையில் கொடுத்தார்.

"காக்கா வந்தா அடி. யோசிக்காத, அடி."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் மேல் ஏறினார். ஐயா சிங்களத்தில் திரும்பச் சொல்லிக் கூச்சலிட்டார். அத்தை திரும்பவில்லை. வழுக்கினார், முழங்காலில் விழுந்தார், பறவையைப் பிடித்த கையை மட்டும் கீழே விடாமல் எழுந்தார். நான் பின்னாலேயே குடையை வீசிக்கொண்டு போனேன். என் காதோரம் ஒரு காக்கை உரசிப் போனது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கடைசிக் கல்லில் நின்றபோது ஓர் அலை எங்கள் இருவரையும் தலையோடு நனைத்தது. அலை வடிந்த அந்த நொடியில் அத்தை பறவையைக் கடலை நோக்கி வீசினார்.

அது தண்ணீரில் முட்டுகிற மாதிரித் தாழ்ந்தது. பிறகு இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டது. லயத்தில் சம்பந்தமே இல்லாத நீளமாகத் தெரிந்த அந்த இறக்கை, கடலுக்கு மேலே சரியான அளவாக இருந்தது. காக்கைகள் கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் திரும்பிவிட்டன. தூரக்கண்ணாடியில் கடைசிவரை பார்த்த ஐயா, போய்விட்டது என்று கையைக் காட்டினார்.

பட்டுச் சேலை உப்பில் பாழாகிவிட்டது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முகத்தைப் பார்த்து, "எப்படி?" என்று மட்டும் கேட்டார். "நல்லாப் பறந்துச்சும்மா" என்று நான்தான் பதில் சொன்னேன்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் அத்தைக்குக் கடிதம் வந்தது. தாதியர் பயிற்சிக்கு அவரை எடுத்திருந்தார்கள். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், தட்டு மாற்ற வேண்டாம் என்று வலப்பனைக்கு ஆள் அனுப்பினார். பறவைக்குத்தான் பர்மிட் வந்திருக்கிறது, பறவை போன பிறகு வந்து என்ன பயன் என்று நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம் பறவை விழுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது, அம்மா அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார், கொழும்புக்குப் போக ஒரு காரணம் கிடைக்காமல் இரண்டு பேரும் தவித்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அத்தை இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டுக்குப் பொறுப்பானவர். போன மாதம் போனில் பேசும்போது கேட்டேன். "வியாழக்கிழமையே அது செத்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க அத்தை?"

"பெட்டிய மூடிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார் உடனே, வருடக்கணக்காகத் தயாராக வைத்திருந்த பதில் போல.

"நான் வழியில திறந்து பாத்திருப்பேனே."

"தெரியும். பாத்துட்டு அழுதிருப்பே" என்றார் அத்தை. "அழுற புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே உள்ள போயிருப்பேன்."